குறுகிய சோதனைகளை வைத்து டைம் டிரையலுக்கும் ரோடு ரேஸுக்கும் ஆள் எடுக்க முடியுமா?

பெடல்கணக்கு கேட்டது:

ஒன்பது பேர் கொண்ட சைக்கிள் பந்தய அணி. 40 கி.மீ. தனிநபர் டைம் டிரையலுக்கு (தனியாக, நேரத்தோடு போட்டியிட்டு ஓட்டுவது) இரண்டு பேர், ஏற்றங்கள் நிறைந்த 130 கி.மீ. ரோடு ரேஸுக்கு நான்கு பேர் வேண்டும். பந்தயத்துக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. எல்லாரையும் முழுத் தூரம் முழுமூச்சாக ஓட்டவைத்தால் பயிற்சித் திட்டமே கெட்டுவிடும். அதனால் குறுகிய சோதனைகளை வைத்து முடிவெடுக்கலாமா என்று யோசனை.

கையில் இருப்பவை: ஒரு டைரக்ட் டிரைவ் டிரெய்னர் (பின்சக்கரத்தைக் கழற்றிச் சைக்கிளை மாட்டி நின்ற இடத்தில் ஓட்டும் கருவி), எல்லார் சைக்கிளிலும் மிதிக்கும் வாட்டைக் காட்டும் பவர் மீட்டர் (அவற்றில் ஐந்து இடது கிராங்கை, அதாவது இடது பெடல் தண்டை மட்டும் அளப்பவை), மார்பில் கட்டும் இதயத்துடிப்புப் பட்டை. மூச்சுவாயு அளக்கும் கருவியோ லாக்டேட் மீட்டரோ இல்லை.

குழப்பம் இதுதான். ரேம்ப் டெஸ்டில் (முடியாமல் நிற்கும்வரை நிமிடத்துக்கு 20 வாட் ஏற்றம், கடைசி ஒரு நிமிடச் சராசரியில் 75%) ஒருவருக்கு எஃப்டிபி (ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய வாட்) 305 வாட் வருகிறது. அவருக்கே 20 நிமிட டெஸ்டில் (சராசரியில் 95%) 288. இன்னொருவருக்கு ரேம்பில் 270, 20 நிமிடத்தில் 276. எதை நம்புவது? விங்கேட் (30 நொடி முழு வேகச் சோதனை), 3 நிமிட ஆல்-அவுட் (முதல் நொடியிலிருந்தே முழு வேகம்) இரண்டையும் சேர்த்தால் ஏதாவது தெளிவு கிடைக்குமா?

வாட்மானி:

அந்த இரண்டு பேருக்கும் கிரிட்டிக்கல் பவர் (சி.பி.) ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கலாம். உங்கள் எண்களைப் பார்த்தால் இருவரும் 280 வாட் பக்கம்தான். எப்படி என்று சொல்கிறேன்.

ஒருவர் தாக்குப்பிடிக்கும் வேகத்தை இரண்டு எண்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று சி.பி.: உடல் ஒரு சமநிலையில் நின்று தரக்கூடிய வாட்டின் மேல் எல்லை. மற்றொன்று டபிள்யூ பிரைம்: அந்த எல்லைக்கு மேலே போனால் செலவாகும் கையிருப்பு, கிலோஜூலில். இருப்பு தீர்ந்தால் சி.பி.க்குக் கீழே இறங்கியே ஆக வேண்டும்.

ரேம்பில் சி.பி.யைக் கடந்த நொடியிலிருந்து கையிருப்பு கரையத் தொடங்குகிறது. நிமிடத்துக்கு 20 வாட் என்றால் நொடிக்கு 0.333 வாட். எல்லைக்கு மேல் தாங்கும் நேரம் = (2 × டபிள்யூ பிரைம் ÷ 0.333) என்பதன் வர்க்கமூலம். 28 கிலோஜூல் இருப்பவர் 410 நொடி தாங்கி, சி.பி.க்கு 137 வாட் மேலே போய் 417-இல் விழுவார். கடைசி நிமிடச் சராசரி 407, அதில் 75% 305. 12 கிலோஜூல்தான் இருக்கிறது என்றால் 268 நொடி, 89 வாட் மேலே. கடைசி நிமிடச் சராசரி 359, அதில் 75% 270. இருவருக்கும் சி.பி. அதே 280.

20 நிமிட டெஸ்டில் கையிருப்பு 1200 நொடிக்குப் பரவுவதால் அதன் பாதிப்பு சுருங்குகிறது. முதலாமவருக்கு 280 + 23 = 303, அதில் 95% 288. இரண்டாமவருக்கு 280 + 10 = 290, அதில் 95% 276. இரண்டு டெஸ்டிலும் உங்கள் எண்கள் அப்படியே வருகின்றன, பாருங்கள்.

அதாவது ரேம்ப் டெஸ்ட் வெடிப்புத் திறன் உள்ளவரை உயர்த்திக் காட்டுகிறது, வெடிப்பு குறைந்து சீராக நீண்ட நேரம் ஓட்டும் டீசல் வகை ஆளைத் தாழ்த்துகிறது. 75% என்பது சராசரி ஆளுக்கான பெருக்கி. உங்கள் அணியில் அந்தச் சராசரி ஆள் ஒருவர்கூட இல்லாமல் போகலாம். இன்னொன்று: ஏற்ற வேகத்தை மாற்றினாலே விடை மாறும். 21.6 கிலோஜூல் உள்ள அதே ஆள் நிமிடத்துக்கு 20 வாட்டில் 400 வரை போவார், 30 வாட்டில் 427 வரை போவார். ஆளுக்கொரு செயலியில் எடுத்த ரேம்ப் முடிவுகளை ஒரே பட்டியலில் வைத்து ஒப்பிடவே கூடாது.

20 நிமிட டெஸ்டிலும் ஒரு விஷயம் பலர் விட்டுவிடுகிறார்கள். 95% என்ற பெருக்கி, அதற்கு முன் 5 நிமிடம் முழுமூச்சாக ஓட்டிக் கையிருப்பைக் கொஞ்சம் கரைத்துவிட்டு எடுப்பதற்காகச் சொல்லப்பட்டது. அந்த 5 நிமிடத்தைத் தவிர்த்துவிட்டு 95% போட்டால் எஃப்டிபி ஊதிப்போய்த்தான் வரும்.

நான் சொல்வது: ஒற்றை டெஸ்டை விட்டுவிட்டு, 3 நிமிடம், 12 நிமிடம் என இரண்டு முழுமூச்சு ஓட்டங்கள் எடுங்கள். கணக்கு எளிது. 3 நிமிடத்தில் 400 வாட் என்றால் வேலை 400 × 180 = 72,000 ஜூல். 12 நிமிடத்தில் 310 என்றால் 310 × 720 = 2,23,200 ஜூல். வேறுபாடு 1,51,200; அதை 540 நொடியால் வகுத்தால் சி.பி. 280 வாட். டபிள்யூ பிரைம் = 72,000 − (280 × 180) = 21,600 ஜூல்.

சரிபார்க்க மூன்றாவதாக ஒரு 7 நிமிட ஓட்டம். மேற்படி ஆளுக்கு 280 + 21,600 ÷ 420 = 331 வாட் வர வேண்டும். 10 வாட்டுக்கு மேல் விலகினால் மூன்றில் ஒன்று ஒழுங்காக ஓட்டப்படவில்லை. பெரும்பாலும் 12 நிமிடம்தான் கெட்டிருக்கும்: முதல் 2 நிமிடத்தில் பாய்ந்துவிட்டுக் கடைசி 4 நிமிடம் இழுத்திருப்பார்கள்.

பிழை எங்கே போய் உட்காரும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மேலே சொன்ன கணக்கில் 12 நிமிட வாட் 310-க்குப் பதில் 304 ஆனால் சி.பி. 272 ஆகிவிடும். 3 நிமிட வாட் 400-க்குப் பதில் 392 ஆனால் சி.பி. 283 என்று கொஞ்சம்தான் நகரும். டபிள்யூ பிரைமோ 21.6-இலிருந்து 19.7-க்கு இறங்கிவிடும். டபிள்யூ பிரைமில் 2 கிலோஜூல் வித்தியாசத்தை வைத்து யாரையும் மட்டம் தட்டாதீர்கள்.

மூன்றையும் வெவ்வேறு நாளில் எடுப்பது நல்லது. ஒரே நாள்தான் என்றால் இடையே குறைந்தது 30 நிமிடம் லேசாக உருட்டி ஓய்வு. வரிசை எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும். இந்தச் சமன்பாடு ஏறத்தாழ 2 நிமிடம் முதல் 15–20 நிமிடம் வரைதான் செல்லும். 5 நொடிக்குப் போட்டால் 4,600 வாட் என்று சொல்லும், சிரிப்புதான் வரும். மறுபக்கம், சி.பி.யை ஒரு மணி நேரம் பிடிக்க முடியாது. 40 கி.மீ.க்கு சி.பி.யில் 92–96% என்று வைத்துத் தொடங்குங்கள். ஆளுக்கு ஆள் மாறும்.

காற்றெதிர்:

வாட்மானி சொன்னதெல்லாம் வாட்டைக் கணிப்பது. தேர்வுக்கு வேண்டியது நேரம். இரண்டும் ஒன்றல்ல.

ஹாலி, நோக்ஸ் இருவரும் 1992-இல் வெளியிட்ட ஆய்வில் ரேம்ப் உச்ச வாட்டுக்கும் 20 கி.மீ. நேரத்துக்கும் ஒட்டுறவுக் கெழு (இரண்டு எண்கள் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்ற அளவு; 1 அல்லது −1 என்றால் முழுப் பொருத்தம், 0 என்றால் தொடர்பில்லை) −0.91. கேட்க அருமையாக இருக்கும். 2000-இல் பால்மர் குழு வெளியிட்ட ஆய்வில், சாலையில் ஓட்டிய 16.1 கி.மீ. டைம் டிரையலில் உச்ச வாட்டுக்கும் பந்தயச் சராசரி வாட்டுக்கும் 0.99, ஆனால் உச்ச வாட்டுக்கும் பந்தய நேரத்துக்கும் 0.46 மட்டுமே. இடையில் புகுந்தது காற்று.

ஒரு கணக்கு. அ: 60 கிலோ, 300 வாட். ஆ: 75 கிலோ, 350 வாட். இருவருக்கும் சைக்கிளும் உடையும் 8.5 கிலோ, உருளுராய்வுக் கெழு 0.004, சங்கிலி இழப்பு 3%.

8% ஏற்றத்தில் 10 கி.மீ.: அ மணிக்கு 17.3 கி.மீ., ஏறத்தாழ 34 நிமிடம் 40 நொடி. ஆ 16.8 கி.மீ., 35 நிமிடம் 48 நொடி. கிலோவுக்கு 5 வாட் கொடுப்பவர் 4.67 கொடுப்பவரை ஒரு நிமிடத்துக்கு மேல் முந்துகிறார்.

சமதளம், 40 கி.மீ., காற்றில்லை: அ-வின் காற்றிழுவைப் பரப்பு (சிறிதானால் காற்றின் தடை குறையும்) 0.23 சதுர மீட்டர், ஆ-வுக்கு 0.24 என்று வைப்போம். அ 54 நிமிடம் 7 நொடி, ஆ 52 நிமிடம் 20 நொடி. வரிசை தலைகீழ். இப்போது அ தோள்களை ஒடுக்கி, தலையைத் தாழ்த்தி 0.23-ஐ 0.21 ஆக்கினால் அதே 300 வாட்டில் 52 நிமிடம் 35 நொடி. 50 வாட் இடைவெளி கிட்டத்தட்டக் காணாமல் போய்விட்டது.

ஆகவே டைம் டிரையலுக்கான 12 நிமிட ஓட்டத்தை டைம் டிரையல் சைக்கிளிலேயே, எக்ஸ்டென்ஷனை (முன்னே நீளும் கைப்பிடியை) பிடித்த நிலையிலேயே எடுங்கள். ரோடு சைக்கிளில் வரும் வாட் அந்த நிலையில் அப்படியே வராது. இடுப்புக் கோணம் மடங்கினால் 5%க்கு மேல் இழப்பவர்கள் உண்டு, கொஞ்சமும் இழக்காதவர்களும் உண்டு. ரோடு சைக்கிள் வாட்டை வைத்து ஆள் எடுத்தால் இந்த வித்தியாசம் பந்தய நாளில்தான் தெரியவரும்.

ஒட்டுறவுக் கெழுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 0.9 போன்ற எண்கள் புதியவர் முதல் தேர்ந்தவர் வரை கலந்த கூட்டத்தில் வருபவை. ஏற்கெனவே வடிகட்டிய ஒன்பது பேருக்குள், எல்லாரும் 5% வட்டத்துக்குள் இருந்தால், அதே டெஸ்ட் வரிசைப்படுத்தத் தடுமாறும். கணிப்பில் 2–3%க்குள் நிற்கும் இருவரை டெஸ்ட் பிரிக்கவில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் இருவரை மட்டும் ஒரே நாளில், ஒரே பாதையில், அரைமணி இடைவெளிக்குள் 10 கி.மீ. ஓட்டவையுங்கள். போக 5, வர 5 என்று பாதையை மடித்தால் காற்றின் பாதிப்பு ஓரளவு சமனாகும்.

சங்கிலிச்சத்தம்:

இடது கிராங்க் மீட்டர் ஐந்து பேருக்கு இருக்குன்னு சொன்னீங்க இல்ல, அதுலதான் முதல் ஓட்டை. அது இடது கால் வாட்டை இரண்டால பெருக்கிக் காட்டுது. ஒருத்தர் 48/52-ன்னு மிதிச்சா, நிஜம் 300 வாட் இருக்கும்போது மீட்டர் 288 காட்டும். 4% போச்சு. அதுவும் இந்த விகிதம் களைப்பு ஏறினா மாறும், கேடன்ஸ் (நிமிடத்துக்கு எத்தனை சுத்து மிதிக்கிறோம்ங்கிறது) மாறினா மாறும். அதனால ஒரு நிலையான எண்ணைக் கூட்டிக் கழிச்சுச் சரிபண்ண முடியாது.

வழி என்னன்னா, ஒன்பது பேரையும் ஒரே டிரெய்னர்ல ஏத்துங்க, டிரெய்னர் வாட்டை மட்டும் பதிவு பண்ணுங்க. அவங்கவங்க மீட்டரையும் கூடவே ஓடவிட்டு வித்தியாசத்தைக் குறிச்சு வச்சுக்கோங்க, பிறகு சாலையில பயன்படும்.

டிரெய்னர்ல செய்ய வேண்டியது:

10 நிமிடம் ஓட்டிச் சூடானதுக்கு அப்புறம்தான் ஸ்பின்-டவுன் (வேகமா சுத்தவிட்டுத் தானா நிக்கவிட்டு டிரெய்னரை அளவு திருத்துறது), அதைக் கேக்கிற டிரெய்னரா இருந்தா. பவர் மீட்டருக்கு ஜீரோ ஆஃப்செட் (மிதிக்காதப்ப பூச்சியம் காட்டவைக்கிறது), சைக்கிள் அந்த அறை வெப்பத்துக்கு வந்த பிறகு. வெயில்ல இருந்து உள்ள கொண்டுவந்த உடனே பண்ணினா எண் நகர்ந்துக்கிட்டே இருக்கும்.

3, 7, 12 நிமிட ஓட்டத்துல எர்க் மோடை அணைச்சுடுங்க. எர்க் மோடு வாட்டைப் பிடிச்சு வைக்கும், ஆள் சோர்ந்து கேடன்ஸ் விழுந்தா டார்க்கை (பெடலைச் சுத்தத் தேவையான முறுக்கு விசையை) கூட்டும், அது இன்னும் கேடன்ஸை இறக்கும், 20 நொடியில கால் நின்னுடும். அப்படி நின்னது உடம்போட எல்லை இல்ல. ரேம்புக்கு மட்டும் எர்க் சரி. அதுலயும் கேடன்ஸ் 70-க்குக் கீழ 5 நொடி போனா முடிஞ்சதுன்னு எல்லாருக்கும் ஒரே விதி வைங்க.

மின்விசிறி பெருசா, நெஞ்சுக்கு நேரா. இது அலங்காரம் இல்ல. காத்து இல்லாம 12 நிமிடம் ஓட்டினா கடைசி 4 நிமிடத்துல தோல் சூடு ஏறி வாட் இறங்கும். பெரிய உடம்புக்காரங்களுக்கு அடி அதிகம். அறை 18–22 டிகிரி, எல்லாருக்கும் அதே விசிறி, அதே தூரம்.

முந்தின 48 மணி நேரத்துல கடினப் பயிற்சி கூடாது. காபி குடிக்கிறவர் எப்பவும் குடிச்சுட்டே வரட்டும், குடிக்காதவர் அன்னைக்குப் புதுசா ஆரம்பிக்க வேண்டாம். காலையில ஒருத்தர், சாயங்காலம் ஒருத்தர்னு எடுக்காதீங்க. எடையை அன்னைக்கே அளங்க, வீட்டுல சொன்ன எடை வேண்டாம். எல்லாம் ஒழுங்கா செஞ்சாலும் ஒரே ஆளுக்கு நாளுக்கு நாள் 2% ஆடும்.

பெடல்கணக்கு:

நன்றி. எர்க் மோடு அணைக்க வேண்டும் என்பதே எனக்குப் புதுசு. விங்கேட், 3 நிமிட ஆல்-அவுட் பற்றி யாரும் சொல்லவில்லையே? 3 நிமிட ஆல்-அவுட் ஒன்றிலேயே சி.பி., டபிள்யூ பிரைம் இரண்டும் கிடைத்துவிடும் என்கிறார்கள். அப்படியென்றால் மூன்று ஓட்டம் எதற்கு?

வாட்மானி:

கிடைக்கும், ஆய்வகத்தில் முறையாக எடுத்தால். வன்ஹடலோ குழு 2007-இல் காட்டியது இதைத்தான்: முதல் நொடியிலிருந்தே முழு வேகம், அடக்கி வாசிப்பதே கிடையாது, கடைசி 30 நொடிச் சராசரி சி.பி.க்கு ஒப்பாகிறது, அதற்கு மேலே செய்த வேலை டபிள்யூ பிரைமுக்கு ஒப்பாகிறது.

சிக்கல் இரண்டு. முதலாவது, அந்த டெஸ்டில் எர்கோமீட்டர் (ஆய்வகச் சைக்கிள்) தடையை அவரவர் விருப்பக் கேடன்ஸையும் முன்கூட்டி எடுத்த வாயு அளவீட்டு ரேம்பையும் வைத்து நிர்ணயிப்பார்கள். அது உங்களிடம் இல்லை. தடை தவறினால் கடைசியில் கேடன்ஸ் 110-இலோ 60-இலோ போய் நிற்கும், வாட்டும் கூடவே நகரும். இரண்டாவது, பந்தய வீரர்களுக்கு ஆற்றலைப் பங்கிட்டு ஓட்டுவது ரத்தத்தில் ஊறியது. 'முழுசா கொடு' என்றாலும் 3 நிமிடம் என்று தெரிந்தால் கொஞ்சம் ஒளித்துவைப்பார்கள். ஒளித்துவைத்தது கடைசி 30 நொடியில் வெளியே வந்து சி.பி.யை உயர்த்திக் காட்டும்.

எடுத்தே தீர வேண்டுமென்றால் கடிகாரம், வாட், கேடன்ஸ் மூன்றையும் மறையுங்கள். உச்சம் முதல் 10 நொடிக்குள் வர வேண்டும். நடுவில் வாட் மீண்டும் ஏறினாலோ கடைசி நிமிடத்தில் பாய்ந்தாலோ அந்த ஓட்டம் செல்லாது. செல்லாத ஓட்டத்தை அன்றே மறுபடி எடுக்க முடியாது, ஆள் காலி. அதனால்தான் 3–7–12 என்கிறேன்.

விங்கேட்: 30 நொடி முழு வேகம், வழக்கமாக உடல் எடையில் 7.5% தடை. உச்ச வாட், சராசரி வாட், சரிவு விகிதம் சொல்லும். டிராக் ஸ்பிரின்ட், பிஎம்எக்ஸ் ஆட்களுக்குப் பொருந்தும். 40 கி.மீ.க்கு அது ஒன்றும் சொல்லாது. அதற்குப் பின் நாள் முழுக்கக் குமட்டலோடு அலைவதுதான் மிச்சம். ரோடு ரேஸ் கடைசி ஸ்பிரின்ட்டுக்கு யாரிடம் வெடிப்பு இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் வெவ்வேறு கியரில் 6 நொடி ஸ்பிரின்ட் நான்கு, இடையே 5 நிமிடம் ஓய்வு, போதும். கேடன்ஸ் கூடக்கூட டார்க் நேர்க்கோட்டில் இறங்கும். அந்தக் கோட்டில் டார்க் பூச்சியமாகும் கேடன்ஸின் பாதியில்தான் உச்ச வாட் வரும். அந்தக் கேடன்ஸுக்கு ஏற்ற கியரில் இருப்பவர்தான் கடைசி 200 மீட்டரில் தன் வாட்டைக் காட்ட முடியும்.

ஏற்றம்12:

130 கி.மீ. ரேஸைப் பற்றி யாரும் பேசவில்லை. அங்கே புதுக்காலில் (களைப்பில்லாத காலில்) எடுத்த எந்த எண்ணும் பாதிக் கதைதான். 2021-இல் தொழில்முறை வீரர்களை வைத்து வந்த ஆய்வில், வென்றவர்களையும் மற்றவர்களையும் நன்றாகப் பிரித்தது புதுக்கால் வாட் அல்ல, நிறைய வேலை செய்த பின் மிஞ்சும் வாட்.

சோதிக்கும் முறை: ஒரு நாள் புதுக்காலில் 5 நிமிட முழுமூச்சு ஓட்டம். குறைந்தது இரண்டு நாள் கழித்து, ஒரு கிலோ எடைக்கு 30 கிலோஜூல் வேலை (60 கிலோ ஆளுக்கு 1,800), அதில் சி.பி.க்கு மேலே போகும் ஐந்து ஏற்றங்களாவது இருக்கட்டும்; உடனே அதே 5 நிமிட ஓட்டம். வெறுமனே லேசாக உருட்டி 1,800 சேர்த்தால் சரிவு தெரியாது. மணிக்கு 60–90 கிராம் கார்போஹைட்ரேட், எல்லாருக்கும் ஒரே அளவு. இல்லாவிட்டால் யார் நன்றாகச் சாப்பிட்டார் என்பதைத்தான் அளந்திருப்பீர்கள்.

புதுக்காலில் 372 கொடுத்துப் பிறகு 335-க்கு விழுபவரையும், 360 கொடுத்து 350-இல் நிற்பவரையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குச் சரிவு 10%, மற்றவருக்கு 3%. கடைசி ஏற்றத்தில் இரண்டாமவர்தான் முன்குழுவில் இருப்பார், எடை ஒன்றென்றால். ரேம்ப் டெஸ்ட் முதலாமவரைத்தான் கைகாட்டியிருக்கும்.

இத்தனை சோதனைகளுக்கு மூன்று வாரம் நெருக்கடிதான், அதனால் ஒன்பது பேருக்கும் எல்லாம் வேண்டாம். முதல் வாரம் எல்லாருக்கும் 3–7–12. 12 நிமிட ஓட்டத்தை டைம் டிரையல் ஆசாமிகள் அந்தச் சைக்கிளில் எடுக்கட்டும். 3, 7 இரண்டும் அதே சைக்கிளில் எடுத்தால்தான் கணக்கு பொருந்தும். இரண்டாம் வாரத் தொடக்கத்தில், ரோடு ரேஸுக்கு எல்லைக்கோட்டில் நிற்கும் ஐந்தாறு பேருக்கு மட்டும் களைத்த கால் சோதனை. டைம் டிரையலில் ஒட்டி நிற்பவர்களுக்கு அந்த 10 கி.மீ. சாலை ஓட்டம். பந்தயத்துக்கு முந்தைய 8–9 நாளில் எந்த முழுமூச்சுச் சோதனையும் கூடாது.

அந்த நாட்களில் ஆளைக் கண்காணிக்க லாம்பர்ட்ஸ்–லாம்பர்ட் சோதனை போதும், அது களைப்பூட்டாது. அதிகபட்ச இதயத்துடிப்பில் 60% துடிப்பில் 6 நிமிடம், 80%-இல் 6 நிமிடம், 90%-இல் 3 நிமிடம். பிறகு மிதிப்பதை நிறுத்தி 60 நொடியில் துடிப்பு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் முதல் நிமிடத்தை விட்டுவிட்டு வாட் சராசரி எடுக்கவும், துடிப்பு நிலைகொள்ள அவ்வளவு நேரமாகும். அதிகபட்சத் துடிப்பை வயதுச் சூத்திரத்தில் போடாமல் ரேம்பிலோ பந்தயத்திலோ பார்த்த எண்ணை வையுங்கள்.

படிக்கும்போது ஒரு பொறி இருக்கிறது: 90% துடிப்பில் வாட் கூடினால் உடனே தேறிவிட்டார் என்று எண்ண வேண்டாம். வாட் கூடி, 'கால் கனக்கிறது, வழக்கத்தைவிடக் கஷ்டம்' என்றும் சொன்னால் அது களைப்பு. துடிப்பு மேலே ஏற மறுப்பதால் அந்த எண்ணைத் தொட அதிக வாட் தேவைப்படுகிறது. வாட் கூடி, சிரமம் குறைந்திருந்தால்தான் முன்னேற்றம். அதனால் ஒவ்வொரு கட்ட முடிவிலும் சிரமத்தை 6 முதல் 20 வரையிலான போர்க் அளவுகோலில் கேட்டு, வாட்டுக்குப் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.

பெடல்கணக்கு:

இடது கிராங்க் ஐந்து பேரில் இரண்டு பேரிடம் டைம் டிரையல் சைக்கிளில் மீட்டரே கிடையாது. டிரெய்னர் வாட்டை மட்டும் வைத்து 12 நிமிடம் எடுத்துவிடலாம், ஆனால் 10 கி.மீ. சாலை ஓட்டத்துக்கு?

சங்கிலிச்சத்தம்:

சாலை ஓட்டத்துக்கு வாட் எதுக்கு? அங்க வேண்டியது நேரம் மட்டும்தான். ஸ்டாப்வாட்ச் போதும். டயர் அழுத்தத்தை மட்டும் இருவருக்கும் பந்தயத்துல வைக்கப்போற அளவுக்கே வைங்க, டிஸ்க் வீல் இருந்தா பந்தய நாள் வீலையே மாட்டச் சொல்லுங்க. ஒருத்தர் பயிற்சி வீல்ல வந்தா அந்த ஒப்பீடு செல்லாது.